மாதக்கணக்கும் மணிக்கணக்கும்: காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய ஒரு சிறுமியின் நிகழ்வு ஆய்வு

காக்ளியர் இம்ப்ளான்ட் என்பது உட்காதில் அறுவை மூலம் பொருத்தி, ஒலியை மின்துடிப்பாக்கி நேரே கேள்வி நரம்புக்குக் கொடுக்கும் கருவி. அதைப் பொருத்திய குழந்தைகளுக்குக் கேட்கவும் பேசவும் பயிற்சி தரும் நாங்கள் ஒரு குழந்தைக்கு இரண்டு வயது சொல்வோம். ஒன்று பிறந்த நாளிலிருந்து எண்ணுவது. மற்றொன்று கருவியை முதன்முதலாக இயக்கிய நாளிலிருந்து எண்ணுவது. இதைச் செவிவயது என்போம். 20 மாதக் குழந்தைக்கு இன்று ஸ்விட்ச் ஆன் செய்தால் செவிவயது பூஜ்யம். ஆறு மாதம் கழித்து, "இரண்டு வயசு தாண்டியும் இன்னும் பேசலையே" என்று பெற்றோர் கலங்கினால், "காதுக்கு ஆறு மாதம்தான் ஆகிறது, ஆறு மாதக் குழந்தை பேசுமா?" என்று கேட்போம். பதற்றத்தைத் தணிக்க நல்ல கணக்கு. அதே கணக்கு என்னை ஏமாற்றிய கதைதான் இது.

குழந்தையின் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் வேண்டாம், சிறுமி என்றே சொல்கிறேன்.

பின்னணி

நிறைமாதப் பிரசவம். குடும்பத்தில் யாருக்கும் காது கேளாமை இல்லை. அண்ணன் ஒருவன், நான்கு வயது மூத்தவன். பிறந்த இரண்டாம் நாள் செய்த ஓ.ஏ.இ. பரிசோதனையில் (ஒலி கொடுத்தால் உட்காது திருப்பி அனுப்பும் மெல்லொலியை அளப்பது) இரு காதுகளும் தேறவில்லை. பிறந்த புதிதில் காதுக்குள் நீர் தங்கியிருந்தாலும் இப்படி வரும், ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்கள். அது உண்மைதான், அப்படி வருவதுண்டு. ஆனால் மறுபரிசோதனைக்கு இவர்கள் போகவில்லை. கதவை அறைந்து சாத்தினால் குழந்தை திடுக்கிடுகிறாள், பிறகென்ன என்று இருந்துவிட்டார்கள். கதவு அறையும்போது தரை அதிரும், காற்று முகத்தில் அடிக்கும், நிழல் அசையும். அதற்குக் காது தேவையில்லை.

முதல் ஆறு மாதம் "ங்கா", "ஊ" என்று மற்றக் குழந்தைகளைப் போலவே குரல் கொடுத்தாள். அதுவும் குடும்பத்தை ஏமாற்றியது. கேளாத குழந்தையும் தொடக்கத்தில் மழலை ஒலி எழுப்பும். வித்தியாசம் தெரிவது "பபப", "மம்மம்ம", "தததா" என்று மெய்யும் உயிரும் சேர்ந்து வரிசையாக வர வேண்டிய கட்டத்தில். கேட்கும் குழந்தைக்கு அது 10 மாதத்துக்குள் வந்துவிடும். இவளுக்கு வரவேயில்லை. அம்மாதான் கவனித்தார். "அண்ணன்காரன் இந்த வயசுல வாய் ஓயாம எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பான். இவ நாளுக்கு நாள் அமைதியாயிட்டே வர்றா."

13 மாதத்தில் பெரா பரிசோதனை; ஒலிக்குக் கேள்வி நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின் பதிலை அளப்பது. இரு காதுகளிலும் 90 டெசிபலுக்கும் பதில் இல்லை. நடுக்காது நன்றாக இருந்தது. எம்.ஆர்.ஐ.யில் நத்தைச்சுருளின் (உட்காதில் ஒலியை உணரும் சுருள் உறுப்பு) வடிவம் இயல்பு, கேள்வி நரம்பும் இருந்தது. மரபணுப் பரிசோதனையில் ஜி.ஜே.பி.2 என்ற மரபணுவில் மாற்றம் தெரிந்தது. பிறவிக் காது கேளாமைக்கு மிகப் பரவலாகக் காணப்படும் மரபணுக் காரணம் இதுதான். பெற்றோர் இருவரும் கேட்பவர்களாக இருந்தும் குழந்தைக்கு இது வரலாம். கோளாறு நத்தைச்சுருளுக்குள், நரம்பு நலம். இம்ப்ளான்ட்டுக்கு இதைவிடச் சாதகமான நிலை அதிகம் இல்லை.

பிறந்த 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதியான கண்டறிதல், 6 மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட வரிசை. இவள் அந்த வரிசையில் முதல் படியிலேயே நழுவியவள்.

14 மாதத்தில் இரு காதுகளுக்கும் ஹியரிங் எய்ட் போட்டுப் பார்த்தோம். நான்கு மாதப் பழக்கத்துக்குப் பிறகும் 500 ஹெர்ட்ஸில் 65 டெசிபலுக்குத்தான் திரும்பினாள். 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை. பேச்சின் தெளிவு பெரும்பாலும் அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. நிமோகாக்கஸ் தடுப்பூசிகளை முடித்து, 19 மாதத்தில் வலது காதில் அறுவை செய்தார்கள். இடது காதில் ஹியரிங் எய்ட் தொடர்ந்தது.

ஸ்விட்ச் ஆன்

குழந்தை முதன்முதலாகச் சத்தம் கேட்டுக் கண் விரிந்து சிரிக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, அதே எதிர்பார்ப்போடு அலைபேசியைத் தயாராக வைத்துக்கொண்டு பெற்றோர் வருகிறார்கள். இவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. விளையாடிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது, அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பா அலைபேசியைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அந்த நின்ற கை போதுமானதாக இருந்தது. ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எது?

உள்ளே போவது நாம் கேட்கும் ஒலியல்ல. நத்தைச்சுருளில் ஒலியை நரம்புக்குச் சொல்லும் உள்வரிசை மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 3500. அவற்றின் வேலையை இவளுக்குச் செய்வது 22 மின்முனைகள். சுருளின் வாசல்பக்கம் கூர்ந்த ஒலிக்கும் உள்கோடி தடித்த ஒலிக்கும் உரியவை; பியானோவின் கட்டைகளை ஒரு சுருளில் சுற்றிவைத்தது போல. ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்னோட்டத்தில் கேட்கத் தொடங்குகிறது, எவ்வளவு வரை இதமாக இருக்கிறது என்று இரு எல்லைகளைக் கேட்டல் நிபுணரான ஆடியோலஜிஸ்ட் கணினியில் அமைப்பார். அதுதான் மேப். முதல் மாதங்களில் இந்த எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் அடிக்கடி திருத்த வேண்டும்.

முதல் ஆறு மாதம் நன்றாகப் போயிற்று. மூன்றாம் மாதம் பெயர் சொன்னால் நின்றாள். ஆனால் எப்போதும் வலப்பக்கமே திரும்பினாள். இடப்பக்கமிருந்து பாட்டி கூப்பிட்டால் எதிர்த்திசையில் தேடுவாள். பாட்டி அதை 'காது கேட்கலை' என்று எடுத்துக்கொண்டார். ஒலி வரும் திசையை அறிய இரு காதும் ஒத்துழைக்க வேண்டும். இவளுக்கு வேலை செய்வது ஒன்றுதான். நான்காம் மாதம் "பபப" வந்தது. ஆறாம் மாதம் எட்டுச் சொற்களைப் பார்வைக் குறிப்பின்றிப் புரிந்துகொண்டாள்.

குழந்தை அன்றாடம் ஒலிக்கு எப்படிப் பதில் தருகிறாள் என்று பெற்றோரிடம் பத்துக் கேள்வி கேட்டு 40க்கு மதிப்பெண் இடும் ஐ.டி. மெய்ஸ் அளவீட்டில் தொடக்கத்தில் 2, மூன்றாம் மாதம் 14, ஆறாம் மாதம் 22.

ஒன்பதாம் மாதம் 23.

தேக்கம்

மூன்று மாதத்தில் ஒரே ஒரு மதிப்பெண். எட்டுச் சொல் பத்தாகவில்லை. "பபப" குறைந்தது. கூப்பிட்டால் திரும்புவது ஒருநாள் உண்டு, ஒருநாள் இல்லை.

விளக்கங்கள் வந்து குவிந்தன. அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினாராம். மழலையர் வகுப்பில் கவனம் போதவில்லை என்றார்கள். வேறொரு நிபுணர் ஆட்டிசமாக இருக்குமோ என்று கேட்டார். அது அர்த்தமற்ற கேள்வியல்ல. காது கேளாத குழந்தைகளில் கணிசமானோருக்கு வேறு ஒரு வளர்ச்சிச் சிக்கலும் சேர்ந்தே இருக்கிறது. ஆனால் இவள் விரலால் சுட்டிக் காட்டுவாள், பொம்மையைத் தூக்கிவந்து என் முகத்தருகே நீட்டி நான் பார்க்கிறேனா என்று பார்ப்பாள், அண்ணனைச் சீண்டிவிட்டு அவன் முகத்தைக் கவனிப்பாள். பகிர்ந்துகொள்ளும் ஆசை நிரம்பிய குழந்தை. நான் அந்தச் சந்தேகத்தை ஒத்திவைத்தேன். அதில் மட்டும் தவறவில்லை.

தவறியது மற்றதில். "செவிவயது ஒன்பது மாதம், பொறுங்கள்" என்று அம்மாவிடம் சொன்னேன். வாரம் இரண்டு பயிற்சியை மூன்றாக்கினேன். பொம்மைகளை மாற்றினேன். வீட்டில் இன்னும் அதிகம் பேசுங்கள் என்றேன். அம்மா வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த அறிவுரை அவர் மனசாட்சியின் மேல் எங்கே போய் விழுந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. வராத ஒலிக்காக நாங்கள் எல்லோரும் குழந்தையைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தோம்.

எங்கே பார்த்திருக்க வேண்டும்

பத்தாம் மாதத் தொடக்கத்தில், ஒரு பயிற்சியின் நடுவே புராசஸரில் (ஒலியை வாங்கி உள்ளே அனுப்பும் வெளிப்பகுதி) சோதனை இயர்போனைச் சொருகி என் காதில் வைத்துப் பார்த்தேன். மைக்ரோபோன் எடுக்கும் ஒலியை நாமும் கேட்கச் சில கருவிகளில் இந்த வசதி உண்டு. செய்யத் தோன்றியதற்குத் தனிக் காரணம் எதுவும் இல்லை. அன்று அவள் அழுதுகொண்டிருந்தாள், எனக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. "ஸ்ஸ்" என்றேன். போர்வைக்குள்ளிருந்து யாரோ மூச்சுவிடுவது போல இருந்தது.

மைக்ரோபோனின் மேல் ஒரு சிறு வடிகட்டி மூடி இருக்கும். வியர்வை, தூசி, தலை எண்ணெய் எல்லாம் அதில் படியும். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அடைபட்டால் முழுச் சத்தமும் போய்விடாது. கூர்ந்த ஒலிகள் முதலில் மங்கும். அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. குழந்தை கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறாள், "ஆ" என்றால் திரும்புகிறாள், கருவி வேலை செய்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனை இதற்காகவே இருக்கிறது. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தடித்த ஒலியிலிருந்து கூர்ந்த ஒலிவரை பேச்சின் முழு அகலத்தையும் ஒரு நிமிடத்தில் தொட்டுப்பார்க்கலாம். ஸ்விட்ச் ஆன் செய்த நாளிலேயே இந்தக் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். தொடக்கத்தில் தினமும் காலையில் செய்தார்கள். நடுவில் எப்போதோ விட்டுப்போயிற்று. நான் கேட்கவும் இல்லை. ஒலி கேட்டால் குழந்தை ஒரு கட்டையைப் பெட்டியில் போட வேண்டும். அன்று மறுபடி செய்தபோது நான்கு ஒலிகளுக்குக் கட்டையைப் பெட்டியில் போட்டாள். ஷ் என்றபோது தயங்கினாள். ஸ் என்றபோது கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

இங்கே தமிழைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்ட பயிற்சி நூல்கள் 'ஸ்' ஒலிக்கு உயிரைக் கொடுக்கும். காரணம், அந்த மொழியின் பன்மை, உடைமை, வினைமுற்று எல்லாம் சொல்லின் கடைசியில் வரும் அந்த ஒரு ஒலியில் தொங்குகின்றன. அது கேட்காவிட்டால் குழந்தையின் இலக்கணமே சில மாதங்களில் காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் ஸ் எந்த இலக்கணத்தையும் சுமப்பதில்லை. "சத்தம்", "சின்ன" என்று சொல்லின் முதலில் வரும், சூழலை வைத்துக் குழந்தை ஊகித்துவிடும். ஆகவே நம் குழந்தை மேல்பகுதி ஒலிகளை இழந்தால் அதைப் பேச்சே காட்டிக்கொடுக்கும் என்று காத்திருக்க முடியாது. காலையில் ஒரு நிமிடம் செலவிட்டு நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

மூடியை மாற்றினோம். அன்றே ஷ் திரும்பியது. ஸ் திரும்பவில்லை. ஆடியோலஜிஸ்டிடம் அனுப்பினேன். மேப் கடைசியாகத் திருத்தியது நான்காம் மாதம். ஆறாம் மாதச் சந்திப்பு காய்ச்சலால் தவறி, பிறகு நடக்கவேயில்லை. வாசல்பக்க மின்முனைகளின் இதமான மேல்எல்லை இப்போதைய தேவைக்குக் கீழே இருந்தது. அதை இரண்டு வார இடைவெளியில் படிப்படியாக உயர்த்தினார். பிறகு அவர் திரையைத் திருப்பி என்னிடம் காட்டினார்.

அந்தத் திரை

இன்றைய புராசஸர்கள் தாம் எத்தனை மணி நேரம் தலையில் இருந்தோம் என்பதைப் பதிந்து வைக்கின்றன. காயில் (coil) என்ற, தலையில் ஒட்டும் வட்டத் துண்டு தோலுக்கடியிலுள்ள காந்தத்தோடு ஒட்டியிருந்த நேரம், விலகிய தடவைகள் எல்லாம் பதிவாகும். முதல் மூன்று மாதம் சராசரி நாளுக்கு 7 மணி நேரம். அடுத்த மூன்று மாதம் 6. கடைசி மூன்று மாதம் 3.5. காயில் விலகியது நாளுக்கு 38 தடவை.

எழுதிக் கூட்டினேன். 90 நாளுக்கு 630, 540, 315. மொத்தம் 1485 மணி நேரம். இந்த வயதுக் குழந்தை நாளில் 12 மணி நேரம் விழித்திருக்கும் என்று கொண்டால் 1485 மணி நேரம் என்பது 124 நாள். நான் ஒன்பது மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்த காதுக்கு உண்மையில் நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதிலும் கடைசிப் பகுதி போர்வைக்குள் கேட்டது.

கேட்கும் குழந்தையோடு ஒப்பிட்டால் இந்தக் கணக்கு இன்னும் தாராளமானது. அந்தக் குழந்தை தாயின் வயிற்றிலேயே கடைசி மூன்று மாதம் கேட்டுவிட்டு வருகிறது. தூக்கத்திலும் அதன் காது மூடுவதில்லை. பக்கத்து அறைப் பேச்சும் தெருச் சத்தமும் கேட்காமல் கேட்டு உள்ளே இறங்குகின்றன. சொற்களில் பெரும்பகுதி யாரும் சொல்லிக்கொடுத்து வருவதல்ல, அரைக்காதில் விழுந்து வருவது. மூன்றரை மணி நேரக் காதுக்கு அந்த அரைக்காது நேரமே கிடையாது. பயிற்சிக்குப் போடுவது, பயிற்சி முடிந்தால் கழற்றுவது என்றாகிவிடும்.

மூன்று மாதம் சும்மா போனால் என்ன என்று கேட்க முடியாது. கேள்விப்புறணியின் (ஒலியைக் கையாளும் மூளைப்பகுதி) மின் பதிலை அளந்த ஆய்வாளர் ஆனு ஷர்மாவின் ஆய்வுகளில், பிறவியிலேயே கேளாத குழந்தைகளில் மூன்றரை வயதுக்குள் இம்ப்ளான்ட் பெற்றவர்களின் பதில் விரைவில் இயல்பு எல்லைக்கு வந்தது. ஏழு வயதுக்கு மேல் பெற்றவர்களிடம் பெரும்பாலும் வரவில்லை. காலியாக இருக்கும் இடத்தைப் பார்வையும் தொடுகையும் எடுத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. 1990இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கு அனுமதி தந்தபோது குறைந்த வயது 2. 2000இல் அது 12 மாதமாயிற்று, 2020இல் ஒரு கருவிக்கு 9 மாதம். இப்படி வயதைக் கீழே கீழே இறக்கிக்கொண்டு வருவது அந்தக் காலத்தை வீணாக்காமல் இருக்கத்தான். அறுவையை ஆறு மாதம் முன்னால் செய்ய ஓடுகிறோம். செய்தபின் கருவி அலமாரியில் கிடந்து அதே ஆறு மாதம் போவதை யாரும் அவசரமாக எடுத்துக்கொள்வதில்லை.

பாட்டி

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டி. அவரை நான் அதுவரை ஒரே ஒருமுறைதான் சந்தித்திருந்தேன். வரச் சொன்னேன். குற்றம் சாட்டப்போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, உட்கார்ந்தவுடன் அவரே தொடங்கினார்.

"நாள் பூரா காதுக்குள்ள சத்தம் போட்டுக்கிட்டே இருந்தா புள்ளைக்குத் தலை வலிக்காதா டாக்டரம்மா? தூங்கி எந்திரிச்சப்புறம் கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும்னுதான் மாட்டாம விட்டுருவேன். அதுவும் நிக்கவே மாட்டேங்குது, மாட்ட மாட்ட விழுது. காந்தம் வேற. உள்ள என்னமோ ஆயிட்டா?"

நான் டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அது அவர் காதில் ஏறவில்லை. "பாட்டி, நமக்குக் காதை மூடி வெக்க வழியில்ல. நாள் பூரா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். வலிக்குதா?" என்றேன். சற்று யோசித்தார். "எனக்குப் பழகிருச்சு" என்றார்.

அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விழுந்துகொண்டே இருந்தது பாட்டியின் குற்றமல்ல. குழந்தைக்கு முடி அடர்த்தியாகியிருந்தது, காந்தம் முதல் நாள் போட்ட மெல்லிய வலுதான். ஒரு படி வலுவானதாக மாற்றினார்கள். தோல் சிவக்கிறதா என்று முதல் வாரம் தினமும் பார்க்கச் சொன்னோம், சிவக்கவில்லை. காயில் உட்காரும் இடத்தில் முடியைக் குறைத்து, ஒரு மெல்லிய தலைப்பட்டை போட்டோம். கண் விழித்ததும் மாட்டுவது, கடைசியாகக் கண் மூடும்போது கழற்றுவது. நடுவில் குளியலும் பகல் தூக்கமும் மட்டும் விலக்கு. பன்னிரண்டாம் மாதத்தில் திரை 10.5 மணி நேரம் காட்டியது. விலகல் 38இலிருந்து 9.

பயிற்சியையும் அறையிலிருந்து பாட்டியிடம் மாற்றினேன். அவர் இயல்பாகவே வேலை செய்துகொண்டே பேசுபவர். அதை நிறுத்தச் சொன்னதே வீட்டார்தான், 'தெளிவா ஒரு ஒரு வார்த்தையா சொல்லுங்க' என்று. பந்து. பந்து. பந்து. காது கேளாத குழந்தையிடம் எல்லோரும் இப்படித்தான் பேசத் தொடங்குகிறார்கள். ஒற்றைச் சொல்லில் தாளமில்லை, ஏற்ற இறக்கமில்லை, இலக்கணமும் இல்லை. "பந்து எங்க போச்சு? அய்யோ, கட்டிலுக்கு அடியில போயிருச்சே, எடுக்கலாமா?" என்பதில் எல்லாம் இருக்கிறது. பாட்டியிடம் மூன்றே விஷயங்கள் கேட்டுக்கொண்டேன். காட்டுவதற்கு முன் சொல்லுங்கள். இம்ப்ளான்ட் இருக்கும் வலப்பக்கம், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். கேட்டுவிட்டுப் பத்து எண்ணும்வரை வாய் திறக்காமல் காத்திருங்கள். மூன்றாவதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. எனக்கும்தான்.

வாயை மறைப்பது பற்றி ஒரு சொல். உதட்டைப் பார்க்காமல் கேட்கவைக்க உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது கூர்ந்த ஒலிகளைத்தான் முதலில் விழுங்கும். பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் ஒரே படத்தைப் பார்த்தால் குழந்தை நம் உதட்டைத் தேடாது.

வளர்ச்சி

பன்னிரண்டாம் மாதம் ஐ.டி. மெய்ஸ் 31. பதினெட்டாம் மாதம் 37, புரியும் சொற்களை எண்ணுவதை நிறுத்திவிட்டோம், சொல்லும் சொற்கள் 60க்கு மேல். இரண்டு சொற்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தாள்.

கல் – கால், படம் – பாடம், இலை – இல்லை: இந்த ஜோடிகளை நான் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாகப் பிரித்தாள். குறில் நெடிலும், ஒற்றை இரட்டையும் நேரத்தின் வேறுபாடுகள். இம்ப்ளான்ட் சுருதியில் ஏழை, நேரத்தில் கெட்டி. கேள்வி கேட்பதும் சீக்கிரம் வந்தது. குரலை உயர்த்தி மட்டும் கேள்வி கேட்கும் மொழியில் அது இவளுக்குத் தடுமாற்றமாக இருந்திருக்கும். தமிழில் "வேணுமா", "போலாமா" என்று முழு உயிரெழுத்தே கேள்வியைச் சுமந்து வருகிறது. அவள் முதலில் பிடித்த விகுதி அந்த ஆ.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. எழுத்தில் "வந்தான்", "வந்தாள்" தெளிவாக வேறு. பேச்சில் அப்படியா? "வந்தான்" என்பதில் ன் முழுதாக ஒலிப்பதில்லை, கடைசி ஆ மூக்குக்குள் ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். "வந்தாள்" என்பதில் ள் அடியோடு விழுந்து "வந்தா" ஆகிறது. ஆணும் பெண்ணும் ஒரு மூக்கொலிச் சாயலில் பிரிகிறார்கள். அந்தச் சாயல் ஒலியலையில் மிக நுண்ணிய மாற்றம். 22 மின்முனைகளின் மின்னோட்டம் ஒன்றன்மேல் ஒன்று பரவும்போது கரைந்துபோவது இதுபோன்ற நுணுக்கம்தான். "வந்தாங்க" மட்டும் உரக்கத் தெளிவாகக் கேட்கிறது. ஆகவே இவள் எல்லோருக்கும் அதையே போட்டாள். அப்பா வந்தாங்க, அண்ணன் வந்தாங்க, நாய் வந்தாங்க. எவ்வளவு மரியாதை தெரிந்த குழந்தை என்று உறவினர்கள் சிரித்தார்கள். நானும் முதலில் சிரித்தேன், பிறகு குறித்துக்கொண்டேன்.

இதற்கு நாங்கள் செய்தது எளிது. ஆண், பெண் பொம்மைகளை வைத்து, வினைமுற்றை வாக்கியத்தின் கடைசியில் மெலியவிடாமல் "அவன் வந்தானா? ஆமா, வந்தான்" என்று உரையாடலாக்கினோம். கேள்வியின் ஆ சேர்ந்தால் பேச்சில் அமுங்கிய ன் மீண்டு எழுந்து "வந்தானா" என்று முழுதாக ஒலிக்கிறது. பெண்ணுக்கு "வந்தாளா". கேள்வியில் கேட்டதைப் பதிலில் தேடக் கற்றுக்கொண்டாள். இந்த உத்தியை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. பாட்டி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது பிடிபட்டது.

24ஆம் மாத நிலை

வயது 3 ஆண்டு 8 மாதம். எட்டு நிலைகள் கொண்ட கேட்டல் திறன் அளவுகோலில் பூஜ்யத்திலிருந்து 5ஆம் நிலைக்கு வந்திருக்கிறாள்; அதாவது அன்றாட வாக்கியங்களை உதடு பார்க்காமல் புரிந்துகொள்கிறாள். 250 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை 25, 30 டெசிபலில் பதில் இருக்கிறது. மூன்று நான்கு சொல் வாக்கியங்கள் பேசுகிறாள். வீட்டாருக்கு எல்லாம் புரிகிறது, வெளியாட்களுக்குப் பாதிக்குமேல் புரிகிறது. ஸ் வந்துவிட்டது. ரகரமும் ழகரமும் வரவில்லை, அவை எந்தக் குழந்தைக்கும் கடைசியில்தான் வரும்.

வயதுக்குரிய மொழியில் இன்னும் பின்தங்கியே இருக்கிறாள். வகுப்பின் இரைச்சலில் தடுமாறுகிறாள். ஆசிரியர் சட்டையில் மாட்டிக்கொள்ளும் ரிமோட் மைக்கைப் பரிந்துரைத்திருக்கிறோம். பாட்டில் தாளம் பிடிக்கிறாள், சுருதி இல்லை. இடது காதுக்கும் இம்ப்ளான்ட் பற்றிக் குடும்பம் யோசிக்கிறது. தள்ளிப்போடப் போட இரு காதுகளுக்கும் இடையிலான இடைவெளி பெருகும் என்பதைச் சொல்லியிருக்கிறேன், முடிவு அவர்களுடையது. குளிக்கும்போதும் தூங்கப்போகும்போதும் அவள் கேளாத குழந்தைதான். அந்த நேரத்துக்கென்று வீட்டில் இருபது முப்பது சைகைகள் தாமாகவே உருவாகியிருக்கின்றன. சைகை வந்தால் பேச்சு போய்விடும் என்று அப்பா முதலில் பயந்தார். நான் தடுக்கவில்லை. சோப்பு கண்ணில் பட்டதைச் சொல்ல ஒரு வழி அவளுக்கு வேண்டாமா?

என் அறையில் மாறியது ஒன்று உண்டு. இப்போது எந்தக் குழந்தையின் குறிப்பேட்டிலும் செவிவயதை மாதத்தில் எழுதுவதில்லை. திரையிலிருந்து மொத்த மணி நேரத்தை வாங்கி எழுதுகிறேன். தேக்கம் என்று யாராவது சொன்னால் முதலில் மைக்ரோபோன் மூடி, காயில், பேட்டரி. அடுத்து மேப் எப்போது திருத்தியது. அடுத்து மணி நேரம். குழந்தையிடம் குறை தேடுவது அதற்கப்புறம்தான். இதைச் செய்யப் பத்து நிமிடம் போதும். நான் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன்.

கடைசிச் சந்திப்பில் பாட்டியும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். சிறுமி தரையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று கையிலிருந்த கட்டையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். காயிலைத் தொட்டுக் காட்டினாள்.

"பாட்டி, சத்தம் போச்சு."

பேட்டரி தீர்ந்திருந்தது. பாட்டி பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாற்றினார். அவள் மறுபடி கட்டை அடுக்கப் போய்விட்டாள்.